முதலில் பேனை, பிறகு தும்புத்தடி

தண்ணீர் முற்றத்தைவிட்டு இறங்கியதும் எங்கள் கை தானாகவே தும்புத்தடியைத் தேடும். சேற்றைத் தள்ளி, சுவரைக் கழுவி, சாமிப்படத்துக்கு விளக்கேற்றினால்தான் மனம் ஆறும். ஆனாலும் கழுவுவதற்கு முன் எழுதுங்கள் என்றுதான் நான் சொல்வேன். சேறு இன்னொரு பகல் கிடந்தால் குடி முழுகிவிடாது. சுவரில் நீர் நின்ற கோடு அழிந்துபோனால், உங்கள் வீட்டுக்குள் எவ்வளவு தண்ணீர் ஏறியது என்பதற்கு அயலாரின் வாய்ச்சொல்லைத் தவிரச் சாட்சி இருக்காது. அயலாரும் அந்த நேரத்தில் தங்கள் வீட்டைப் பற்றித்தான் பேசுவார்கள்.

நான் இலங்கையின் கிழக்கே, மட்டக்களப்பின் கடலோர நாவலடியில் பிறந்தவள். சுனாமிக்குப் பிறகு திராய்மடுவில் குடியேற்றப்பட்டோம். தையல் என் தொழில். எங்கள் மாதர் சங்கத்தில் கடிதம் எழுதும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியைப் பற்றி அம்மா சொல்லக் கேட்டு வளர்ந்தேன். 2004 டிசம்பர் 26, 2011 தொடக்கத்தில் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையை மூடிய வெள்ளம், 2024 நவம்பர் மழை, 2025 நவம்பரில் டித்வா புயல் ஆகியவை என் காலத்தில் வந்தவை. ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஒரே வகைப் பெண்கள்தான் பட்டியலில் இருந்து விடுபட்டார்கள்: கணவரை இழந்தவர், கணவர் காணாமற்போனவர், விட்டுப் போனவர், கணவர் இருந்தும் இல்லாதவர். தனித்து வீடு நடத்தும் அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டுக்குள் நுழையும்போது

மெயின் சுவிட்ச்சை நிறுத்தாமல் ஈரச் சுவரைத் தொடாதீர்கள். கட்டில், அலுமாரி, மடித்து வைத்த பாய் எல்லாவற்றையும் நீண்ட கம்பால் தட்டிய பிறகே கை வையுங்கள். வெள்ளத்துக்குப் பாம்பும் மேட்டைத்தான் தேடி வரும். காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் வெறுங்காலுடன் சேற்றில் இறங்கவே கூடாது. நீரிழிவு உள்ளவர்கள் இதை இரட்டிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். வயலில் இறங்க வேண்டியவர்கள் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே கேட்டுப் பெறலாம். பின்னர் காய்ச்சல் வந்தால், வெள்ளத்தில் நின்றதை வைத்தியரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.

இனிப் பேனைக்கு வருகிறேன். நீர்க்கோட்டின் மேல் கரித்துண்டால் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் திகதியை எழுதுங்கள். தையல் அளவுநாடா இருந்தால் தரையிலிருந்து கோடு வரை பிடித்து, இலக்கம் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். வாசற்படியும் வீட்டின் முன்பக்கமும் தெரிய இன்னொன்று. பிறகு கைத்தொலைபேசியில் வீடியோவை ஓடவிட்டு, அறை அறையாக நடந்து, ஒவ்வொரு பொருளின் பெயரையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். படங்களைத் தூரத்தில் இருக்கும் ஓர் உறவுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தொலைபேசியும் நனையும், தொலையும்.

பிள்ளையின் அப்பியாசக் கொப்பி ஒன்றில் பட்டியல் போடுங்கள். இந்த இடத்தில்தான் பெண்கள் தங்களுக்குத் தாங்களே குறைத்து எழுதுகிறார்கள். கணக்கெடுக்க வருபவர் தோணி உண்டா, வலை உண்டா, எத்தனை ஏக்கர் வேளாண்மை என்று கேட்பார். இல்லை, இல்லை, இல்லை. பிறகு 'தொழில்' என்ற இடத்தில் 'வீட்டுப்பணி' என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரம் எங்கும் தோணிகள் வந்து குவிந்தன. மீனைக் கூறுபோட்டு விற்றவள், கருவாடு காயவைத்தவள், பாய் இழைத்தவள், இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுத்தவள் ஆகியோரின் சட்டியையும் தராசையும் எந்தப் படிவம் கேட்டது? ஆகவே நீங்களே எழுதுங்கள்: முட்டையிடும் கோழி பதினொன்று, இடியப்பத் தட்டு நாற்பது, பாய் இழைக்க வெட்டிக் காயவைத்த பன்புல் ஆறு கட்டு, ஆட்டுக்குட்டி இரண்டு. எப்போது வாங்கியது, என்ன விலை, இதனால் கிழமைக்கு எவ்வளவு வருமானம் வந்தது. 'சுயதொழில்' என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். எழுதிய பிறகு படிவத்தை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். இதற்காக யாரும் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

தனிக் குடும்பம் என்று பதியுங்கள்

பிள்ளைகளுடன் அம்மா வீட்டிலோ அக்கா வீட்டிலோ இருப்பவர்கள் கவனியுங்கள். ஒரு கூரையின் கீழ் இருப்பதால் ஒரு குடும்பம் என்று எண்ணிவிடுவார்கள். உலர் உணவுப் பொதி ஒன்றுதான் வரும், அதுவும் அப்பாவின் அல்லது மச்சானின் பெயரில். தனி அடுப்பு, தனிச் செலவு என்றால் தனிக் குடும்பம்தான் என்று கிராம உத்தியோகத்தரிடம் சொல்லி, மழைக்காலத்துக்கு முன்பே பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டும். வெள்ளத்துக்கு நடுவில் போய்க் கேட்டால், நிவாரணத்துக்காகக் குடும்பத்தைப் பிரிக்கிறாள் என்று பழி வரும்.

கணவர் யுத்தத்தில் காணாமற்போனவருக்கு வேறொரு சிக்கல். இறப்புச் சான்றிதழ் எடுத்தால் அவர் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டது போலாகும் என்று பலர் அதைத் தொடவே மாட்டார்கள். அது அவர்களின் உரிமை. 2016 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ஒருவர் காணாமற்போயிருக்கிறார் என்பதை மட்டும் சொல்லும் சான்றிதழ் இலங்கையில் வழங்கப்படுகிறது. அதைக் காட்டியும் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். கிராம உத்தியோகத்தருக்கு இது தெரியாவிட்டால் பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கேளுங்கள்.

காணிப் பத்திரத்தில் யார் பெயர்?

இந்தப் பகுதி நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மற்றதெல்லாம் சில மாதங்களில் முடிந்துவிடும், இது பேரப்பிள்ளை காலம் வரை போகும்.

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வீடு வளவு பெண்பிள்ளைக்குத்தான். தாயின் குலமே பிள்ளைக்கும் வரும் தாய்வழிக் குடி முறை. தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் அதுவே வழக்கம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார், பெண் எங்கும் போவதில்லை. சண்டை வந்தால் வெளியே போக வேண்டியவர் யார் என்பதில் எங்கள் பாட்டிகளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. சுனாமி அந்த வீடுகளை அடித்துக்கொண்டு போனது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் கட்டக்கூடாது என்று கிழக்கில் அப்போது தடை போட்டார்கள். தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர்தான். உள்ளே அரச காணியில் புது வீடு வந்தபோது, தாய் தந்த வீட்டை இழந்த பெண்களில் பலருக்கு 'குடும்பத் தலைவர்' என்ற பெயரில் கணவருக்கு எழுதப்பட்ட வீடுதான் கிடைத்தது. அலை கொண்டுபோகாத உரிமையைப் படிவம் கொண்டுபோய்விட்டது.

நாங்கள் தகரக் கொட்டிலில் வெந்துகொண்டிருந்த அந்த ஆண்டில், 2005 ஆகஸ்ட் 29 அன்று, அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரைக் கத்ரீனா சூறாவளி தாக்கியது. வெள்ளத் தடுப்பு அணைகள் உடைந்து நகரின் 80 வீதம் நீரில் மூழ்கியது. பணக்கார நாடு, எல்லாம் உடனே சரியாகிவிடும் என்றுதான் நினைத்தோம். பின்னாளில் ஒரு பயிற்சி வகுப்பில்தான் அங்கே கறுப்பினப் பெண்களுக்கு நடந்ததை முழுவதுமாகக் கேட்டேன். கேட்கக் கேட்க எங்கள் கதையாகவே இருந்தது. பாட்டியின் வீட்டில் பேத்தி வாழ்ந்துகொண்டிருப்பாள். உரிமை மாற்றம் எழுதப்பட்டிருக்காது. ஆதாரம் இல்லை என்று உதவியை மறுத்துவிட்டார்கள். 'ரோட் ஹோம்' என்ற மீள்கட்டுமான உதவித் திட்டத்தில், கட்டும் செலவும் புயலுக்கு முந்தைய வீட்டு விலையும் ஒப்பிடப்பட்டு, குறைந்த தொகையை வைத்தே கணக்குப் போட்டார்கள். கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் வீட்டு விலை குறைவு. கூரை ஓடு, மரம் எல்லாம் எங்கே வாங்கினாலும் ஒரே விலை. வழக்குப் போட்டார்கள், 2011இல் இணக்கத் தீர்வு வந்தது. 2007 டிசம்பரில் நகரசபை அனுமதித்து, நான்கு பெரிய அரச குடியிருப்புத் தொகுதிகளில் சுமார் 4,500 வீடுகள் இடிக்கப்பட்டன. அங்கே பெரும்பாலான குடும்பங்களை நடத்தியவர்கள் கறுப்பினப் பெண்கள். அவர்கள் விடாமல் கூட்டம் கூடினார்கள், நீதிமன்றம் போனார்கள், பல ஊர்களுக்குச் சிதறிய பின்னும் ஒருவரையொருவர் தேடிப் பிடித்தார்கள். பரம்பரை வீட்டுக்கு வழக்கமான உரிமைப் பத்திரம் இல்லாதவர்களிடமிருந்து வேறு ஆதாரங்களை ஏற்கும்படி அமெரிக்க மத்திய அனர்த்த நிறுவனம் விதியைத் தளர்த்தியது 2021இல்தான். பதினாறு வருடம்!

ஆகவே செய்ய வேண்டியவை. உங்கள் காணி தனியார் உரிமையுள்ள உறுதிக்காணியா, அரச அனுமதிப்பத்திரமா, அரசு நிரந்தரமாக எழுதிக் கொடுத்த அளிப்பா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். உறுதி என்றால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். அனுமதிப்பத்திரம் என்றால் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் கேளுங்கள். அத்துடன் உங்களுக்குப் பிறகு காணியைப் பெறும் பின்னுரிமையாளர் யார் என்று பதியப்பட்டிருக்கிறதா என்பதையும் கேளுங்கள். அந்த இடம் வெறுமையாக இருந்தால் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் வாரிசு வரிசைதான் செல்லும். அந்த வரிசை நெடுங்காலம் ஆண்பிள்ளைகளுக்கு முன்னிடம் கொடுத்தது, 2022இல்தான் திருத்தினார்கள். பெண்பிள்ளைக்குப் போகவேண்டும் என்பது உங்கள் எண்ணமானால் எண்ணத்தோடு நிறுத்தாமல் அவள் பெயரைப் பதியுங்கள். புதிய வீட்டுத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டால், கல் வைப்பதற்கு முன்பே உரிமை யார் பெயரில் வரும் என்று எழுத்தில் கேட்டு வையுங்கள். பால் காய்ச்சிய பிறகு கேட்பது மிகவும் கடினம்.

பத்திரம் நனைந்துவிட்டால்: பிரித்து இழுக்காதீர்கள், வெயிலில் போடாதீர்கள், இஸ்திரிக்கைப் பெட்டியைத் தொடவே தொடாதீர்கள். சேறு பட்டிருந்தால் தட்டையான தட்டில் நல்ல தண்ணீர் விட்டு, அதில் மெதுவாக அலசுங்கள். மை கரைந்து ஓடும் கையெழுத்துப் பத்திரம் என்றால் அதுவும் வேண்டாம். வெள்ளைப் பருத்தித் துணி இரண்டுக்கு நடுவில் வைத்து, துணியை மாற்றி மாற்றி, நிழலில் காற்றாட உலர்த்துங்கள். ஒட்டிக்கொண்ட தாள்கள் பாதி உலர்ந்ததும் தாமாகவே விடும். முழுவதும் போய்விட்டால் பொலிசில் முறைப்பாடு செய்து, முறைப்பாட்டின் பிரதி எடுங்கள். தொலைந்த தேசிய அடையாள அட்டைக்கு அந்தப் பிரதிதான் முதற்படி.

கிணறு

வெளியில் வெள்ளம் நிற்கும்போதே கிணற்றை இறைத்து வெறுமையாக்காதீர்கள். வெளி நீரின் அழுத்தத்தில் உட்சுவர் சரியும், அழுக்குத் தண்ணீரும் மறுபடி உள்ளே ஊறும். கரையோரத்தில் இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல், பாலின் மேல் ஆடை போல, மெல்லிதாக மிதக்கிறது. சுனாமிக்குப் பிறகு நல்லெண்ணத்தோடு திரும்பத் திரும்ப இறைத்த கிணறுகளில் அடியிலிருந்த உப்பு மேலே ஏறியது. ஆறவிட்டு, அளவாக இறைத்து, மழை கழுவக் காத்திருப்பதே வழி. குளோரின் தூளின் அளவைக் கிணற்றின் அகலத்தையும் நீரின் ஆழத்தையும் பார்த்துப் பரிசோதகர் சொல்வார். கண்மதிப்பில் கொட்ட வேண்டாம். அதுவரை கொதிக்கவைத்த தண்ணீர். கொதித்தாலும் உப்புப் போகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தொழிலை எழுப்புவது

தையல் இயந்திரம் மூழ்கிவிட்டால் அழுவதற்கு முன் அதைக் கழுவுங்கள். சேறு காய்ந்தால்தான் அது செத்துப்போகும். மோட்டார் பூட்டிய இயந்திரம் என்றால் மோட்டாரைக் கழற்றித் தனியாக வைத்து, திருத்துபவரிடம் காட்டும்வரை மின்சாரம் கொடுக்காதீர்கள். மிதியியந்திரத்தின் தலையைப் பலகையிலிருந்து தூக்கி, ஊசி, பாதம், பொபின் பெட்டி, அடித்தகடு எல்லாவற்றையும் கழற்றுங்கள். நல்ல தண்ணீரை ஊற்றிச் சேற்றை இறக்குங்கள். பிறகு பழைய பற்தூரிகையை மண்ணெண்ணெயில் தோய்த்து, பற்சக்கரங்களுக்கு இடையில், பொபின் சுழலும் வளையத்துக்குள், துணியை நகர்த்தும் பல்லின் அடியில் தேயுங்கள். கறுப்பு நீர் வருவது நின்று, தெளிந்த எண்ணெய் வரும்வரை. சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றுங்கள். இறுகினால் பலம் காட்டாமல் இன்னும் மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள். துடைத்துக் காயவைத்த பிறகு, எண்ணெய்த் துளைகள் எல்லாவற்றிலும் தையல் இயந்திர எண்ணெய். தேங்காய் எண்ணெய் விட்டால் பிசினாகிவிடும். முதலில் பழைய துணியில் ஓட்டிப் பாருங்கள்; அடுத்தவரின் பட்டுச் சேலையில் அல்ல. எனது இயந்திரம் இன்னும் ஓடுகிறது.

உணவு விற்பவர்களுக்கு ஒரு பெண்ணின் கதை. நியூ ஓர்லியன்ஸின் ட்ரெமே பகுதியில் லியா சேஸ் என்ற கறுப்பினப் பெண்மணி 'டூக்கி சேஸ்' என்ற உணவகத்தை நடத்தினார். கத்ரீனா அதை மூழ்கடித்தபோது அவருக்கு 82 வயது. தெருவுக்கு எதிர்ப்பக்கம் அரசு கொடுத்த டிரெய்லர் வண்டியில் கணவருடன் தங்கிக்கொண்டார். நகரின் மற்ற உணவகக்காரர்கள் விருந்து வைத்து நிதி திரட்டிக் கொடுத்தார்கள். 2007இல் உணவகம் திரும்பத் திறந்தது. 2019இல் இறக்கும்வரை அவர் அந்த அடுப்பை விடவில்லை. இதில் எனக்குப் பிடித்தது அவருடைய மனஉறுதி மட்டுமல்ல, அந்த விருந்தும்தான். தொழிற்போட்டியாளர்கள் சமைத்துப் பணம் சேர்த்திருக்கிறார்கள்! எங்கள் ஊரில் இதைச் செய்ய முடியாதா? பத்து இடியப்பக்காரிகள் இருந்தால், அடுப்பு நனையாதவளின் வீட்டில் இரண்டு கிழமைக்கு எல்லோரும் சேர்ந்து அவிக்கலாம். கடைக்கும் வரவு நிற்காது, வாடிக்கையும் கைவிட்டுப் போகாது.

நிவாரணம் கொடுப்பவர்கள் "கிழக்குப் பெண்கள் எதையும் தாங்குவார்கள்" என்று மேடையில் சொல்லும்போது எனக்கு உடம்பு எரியும். தாங்குவார்கள் என்று தெரிந்தால் பாரத்தைக் குறைக்க யாருக்கு அவசரம்? பலசாலிகள் என்ற பட்டத்தைப் பற்றி அமெரிக்கக் கறுப்பினப் பெண்களும் இதையேதான் சொல்கிறார்கள். பாராட்டினால் நன்றி சொல்லிவிட்டு, படிவத்தை நீட்டுங்கள்.

கடன்

வெள்ளம் நிற்கும்போதுகூட நுண்கடன் நிறுவனக்காரர் கிழமைக் கடன் வசூலிக்க வருவார்கள். தவணை நாளுக்கு முன்பே, வீடு பாதிக்கப்பட்டதை எழுதி, படத்தின் பிரதியையும் இணைத்து, தவணையைத் தள்ளிப்போடக் கேட்டுக் கடிதம் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். நீடித்த காலத்துக்கு வட்டி ஏறுமா என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். ஒரு கடனை அடைக்க இன்னொன்று எடுக்க வேண்டாம். ஒருவருக்கொருவர் பிணை நிற்கும் கடன் குழுவில் ஒருத்திக்குக் கட்ட முடியாவிட்டால் அவளின் வாசலில் போய்க் குந்தியிருக்கச் சொல்வார்கள். அதற்கு உடன்படாதீர்கள், அடுத்த மழையில் அது உங்கள் வாசலாக இருக்கும். அச்சுறுத்தல் என்றால் பெண்களுக்கான 1938 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

அடுத்த ஐப்பசிக்கு முன்

மூடி இறுகப் பொருந்தும் வெற்று பெயின்ட் வாளி ஒன்றைக் கழுவிக் காயவையுங்கள். அடையாள அட்டை, உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி, அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவுக் கடிதம், பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாம் பொலித்தீனில் சுற்றி உள்ளே. மேலே இரண்டு பாக்கெட் மாதவிடாய்ச் சுகாதாரத் துவாய், உள்ளாடை, டோர்ச், மருந்து. நிவாரணப் பொதியில் அரிசி வரும், பருப்பு வரும்; துவாயும் உள்ளாடையும் கடைசியாகத்தான் வரும், கேட்கவும் கூச்சமாக இருக்கும்.

பாடசாலையில் முகாம் அமைந்தால் முதல் மாலையே அதிபரிடமும் கிராம உத்தியோகத்தரிடமும் மூன்று விடயங்களைப் பேசி முடியுங்கள்: பெண்களுக்குத் தனி மலசலகூடம், அதற்குப் போகும் வழியில் விளக்கு, பொருள் பகிரும் குழுவில் பெண்கள். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அம்புலன்ஸ் 1990.

பெண்பிள்ளைகளுக்கு நீந்தவும் மரம் ஏறவும் பழக்குங்கள். சுனாமியில் ஆண்களைவிடப் பெண்களும் சிறுவர்களும்தான் அதிகம் போனார்கள். நாட்டிலேயே கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். ஓடும்போது சேலை காலைச் சுற்றியது, நீளக் கூந்தல் முள்ளில் சிக்கியது, தூக்கி ஓட இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். பிள்ளைகளின் பாரத்தைக் குறைக்க முடியாது. நீச்சலைப் பழக்கலாம். குமர்ப்பிள்ளை வாவியில் நீந்துவதா என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

கடைசியாக, பிரதேச செயலகத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். பொதுமக்களைச் சந்திக்கும் நாள் எது என்று விசாரித்து, மச்சாளையோ அயல்வீட்டு அக்காவையோ அழைத்துக்கொண்டு போங்கள். ஒருவர் பேச வேண்டும். மற்றவர் கொப்பியில் திகதி, அதிகாரியின் பெயர், பதவி, அவர் சொன்ன பதில், திரும்ப வரச் சொன்ன நாள் எல்லாவற்றையும் அவர் முன்னாலேயே எழுத வேண்டும். விண்ணப்பத்தின் பிரதியில் அலுவலக முத்திரை விழாமல் இருக்கையை விட்டு எழும்பாதீர்கள்.